முதல் அங்குலம்

மேசை பதினெட்டடி.
கொட்டில் பதினாறரை.
இதை நாங்கள் அளந்தது
மேசை செய்து முடித்த பிறகு.

படகு எஞ்சின் திருத்திய கொட்டில்,
குருநகரில், கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி.
சவர்க்காரத் தூள் போட்டு மூன்று தரம் தேய்த்தும்
நிலத்தில் காலை வைத்தால்
கால் கொஞ்சம் முன்னே போய்த்தான் நிற்கும்.
எண்ணெய் வழியட்டும் என்று
எவரோ அந்தக் காலத்தில் வைத்த சரிவு.

மேசைக்குப் பத்துக் கால்.
பத்துக்கும் பத்து உயரத்தில் கல் வைத்தோம்.
சேலைன் குழாயில் தண்ணீர் நிரப்பி
அந்த முனையில் ஜெசிந்தா, இந்த முனையில் நான்.
"நிண்டிட்டுதோ?"
"இன்னும் ஆடுது."
"மூச்சு விடாதை."

மேலே விரிக்க ஏழு கம்பளி.
நிவாரணத்தில் வந்த சாம்பல் நிறக் கம்பளி,
குளிருக்கு என்று தந்தது.
இந்த ஊரில் குளிர் எப்ப வந்தது?
ஒன்றும் பிரிக்காமலே கிடந்தது,
அந்துருண்டை மணத்தோடு.
அதன் மேல் கன்வஸ்,
சுருக்கமில்லாமல் இழுத்து, அடியில் ஆணி.
ஒரு சுருக்கம் மட்டும் நடுவில் நின்றது.
அது இப்பவும் நிற்கிறது.

பிறேமுக்கு மெஷ் இறுக்கி,
குளியலறையை இருட்டாக்கி,
பல்புக்குச் சிவப்புச் சட்டைத் துணி கட்டி,
பசை பூசி உலர வைத்தோம்.
ஒளி காட்ட லைற்றுக்குக் காசில்லை,
பதினொரு மணி வெயில் இருந்தது.
முதல் தரம் இரண்டு நிமிஷம்: முழுக்க இறுகிப் போச்சு.
அடுத்தது இருபது செக்கன்: கழுவக் கழுவ எல்லாம் போச்சு.
மூன்றாந்தரம் ஜெசிந்தா செபம் சொல்லி நேரம் பிடித்தாள்,
ஒரு 'அருள்நிறைந்த மரியே', பிறகு இன்னொன்று, பிறகு பாதி.
பவுசரில் வந்த நல்ல தண்ணீரில் கழுவ
நண்டு வந்தது.
பத்துக் காலும், இரண்டு கண்ணும்.

கட்டைப் பிடியில் றப்பர் பதித்தது
ஸ்குவீஜி என்றேன்.
கட்டுநாயக்காவில் ஆறு வருஷம் கொலர் தைத்தவள் நான்,
பக்கத்துப் பிரிவில் அப்படித்தான் சொல்வார்கள்.
ஜெசிந்தா அதை 'வழிகட்டை' என்கிறாள்.
இப்போது நானும்.

மேசை ஓரம் எல்-இரும்பு,
அதில் பதினெட்டு அங்குலத்துக்கு ஒரு போல்ற்.
பிறேம் வந்து முட்டி நிற்க, பன்னிரண்டு.
ஆறு நான் அளந்தேன். ஆறு அவள்.

முதல் சாறி.
நான் சட்டத்தை அமத்த, அவள் வழிக்க,
சாயம் 'சர்ர்' என்று போய் நிற்க,
தூக்கினோம், நகர்ந்தோம், இறக்கினோம்.
ஆறாவது நண்டு வரை நல்ல பிள்ளைகள்.
ஏழாவது
ஆறாவதின் கொடுக்கில் கால் வைத்தது.
எட்டாவது ஏழாவதின் மேல்.
பன்னிரண்டும் முடிய
கடைசியில் அரை அடி வெறுந்துணி.

கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த துண்டில்
அந்தத் தொங்கலைப் பார்த்த மரியாம்பிள்ளை
சைக்கிளை நிறுத்தினார்.
"உயிர் நண்டு கூடைக்குள்ளை
உப்பிடித்தான் கிடக்கும், பிள்ளையள்."
வாங்கவில்லை.

எங்கள் அளவுநாடாவுக்கு முதல் அங்குலம் இல்லை.
துருப்பிடித்து முறிந்தது போன மாரியில்.
நான் ஒன்றிலிருந்து பத்தொன்பது வரை பிடித்தேன்.
அவள் ஒன்றிலிருந்து பதினெட்டு வரை.
"நீ சொல்லேல்லை."
"முறிஞ்சது உனக்குத் தெரியும்தானே."
"தெரியும். சொல்லேல்லை."
அன்று தேத்தண்ணீர் தனித்தனியே குடித்தோம்.

செவ்வாய்க்கிழமை.
கடன் பிரிக்கிற தம்பி வந்தான்.
கதவுக்கு வெளியே நீண்ட ஒன்றரை அடியில்
பதிவேட்டை விரித்தான்.
"மெத்தெண்டு கிடக்கு அக்கா" என்று
அழுத்தி எழுதினான்.
அடியில் ஏழு கம்பளி. பேனை தாளைத் துளைத்தது.
எங்கள் இருவர் பெயருக்கும் நேரே
ஒரு ஓட்டை.

"பத்தொன்பது" என்றாள் உள்ளே ஜெசிந்தா,
நாடாவைப் பிடித்தபடி.
நான் ஏழாவது போல்ற்றை இறுக்கினேன்.